வண்டியைச் சமதரையில் நிறுத்து

தம்பி,

நீ சௌக்கியமா, கயல் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்கத்தான் எனக்கு வாய் வருகிறது. உங்கள் வீட்டு வாசலில், அந்த ஏற்றத்தில்தான் நிற்கிறது என்றால் அங்கே வைத்து ஆயில் பார்க்காதே. இதைப் போனில் சொல்லியாகிவிட்டது. நீயும் "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த ஒரு சரிம்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதில் கோபம் எவ்வளவு, அலுப்பு எவ்வளவு, நான் சொன்னது புரிந்தது எவ்வளவு என்று ஒன்றும் தெரியவில்லை. போனில் பேசினால் நான் பாதியில் சத்தம் போடுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன். வண்டி நின்ற இடம் வெறிச்சென்று கிடக்கிறது. காலையில் எழுந்ததும் பானெட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காபி. இத்தனை வருஷப் பழக்கம். இப்போது அந்தத் துணி மட்டும் கொடியில் தொங்குகிறது, கைக்கு வேலை இல்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து நான் லீவில் இருக்கிறேன். அவருக்குச் சொட்டு மருந்து விடுவதும், கண்ணைத் தேய்க்காதீங்க என்று அதட்டுவதும்தான் உத்தியோகம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் என் மேஜையில் வேறு யாரோ உட்கார்ந்து பிறப்பு இறப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் வந்து "எத்தா சிவில் மேடம் இல்லியா?" என்று, பதிவு எழுதுகிற என்னைப் பிரெஞ்சுப் பெயரில் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்களாம். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிறப்புப் பதிவு எழுதியவள் நான். பிறக்கப்போகும் என் பேரப்பிள்ளையின் பெயரை மட்டும் கோயம்புத்தூரில் எவரோ எழுதப்போகிறார். அதை நினைத்தாலும் உட்கார முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வளைகாப்பு முடிந்து கயலை ரயிலில் அனுப்பிவிட்டு, நீ வண்டியை எடுத்துக்கொண்டு குன்னூருக்குப் புறப்பட்டாய். சாவியை நான்தான் உன் கையில் கொடுத்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி மலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கக்கூடாது, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளை அவள் திருத்தி முடித்ததும் அவளைக் கோயம்புத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக உன் கையில் ஒரு வண்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. புறப்படும் அன்று காலை ஆயில் நிறைய இருந்தது. நானே பார்த்தேன். ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் உன் போன் வந்தது, ஆயில் குறைகிறது என்று. ஊற்று என்றேன். மறுபடியும் போன், மறுபடியும் குறைகிறது. நம்பமுடியவில்லை, ஆனாலும் ஊற்று என்றேன். அதற்குப் பிறகு பின்னால் நீலமாகப் புகை வர ஆரம்பித்தது. உங்கள் ஊர் மெக்கானிக் வந்து பார்த்து, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய்.

"எண்ணெய் குடிக்கிற வண்டியப் போயி என் தலைல கட்டிட்டியேம்மா. கயலோட அப்பா புது வண்டி வாங்கித் தர்றேன்னப்ப வேண்டாம்னு சொல்ல வச்சதும் நீதான்."

நான் போனை அப்பா கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போனேன். சண்டை போடாமல் எழுந்து போகிறாளே என்று அப்பா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். என் வண்டியைச் சொன்னதுகூட வலிக்கவில்லை, தம்பி. தலையில் கட்டினேன் என்றாயே, அதுதான் வலித்தது. கெட்டுப்போனதைத் தெரிந்தே பிள்ளை தலையில் கட்டுகிறவளா நான்?

அந்த வண்டியை நான் எப்படி வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் ஏன் அப்படி வைத்திருந்தேன் என்பது நீ பாதி தூக்கத்தில் இருந்தபோது நடந்தது. நீ அப்போது ஒன்றாவதோ இரண்டாவதோ. மண்டபத்தூரில் அப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முந்தின வாரம்தான் ஒரு பட்டறையில் விட்டு ஆயில் மாற்றி வாங்கியிருந்தது. ஊருக்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு எதிரே சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது, பழைய காலத்து எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்டது. "லைட்டுதானே எரியுது, வண்டி ஓடுதுல்ல? போ, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றார் அப்பா. நான் அந்த இடத்திலேயே அணைத்துவிட்டேன். என்ன தெரிந்து அணைத்தேன் என்று கேட்காதே, ஒன்றும் தெரியாது. சிவப்பாக எரிகிறது, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இறங்கிக் குனிந்து பார்த்தால் அடியில் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கிறார்கள், வழியெல்லாம் ஒழுகி வந்திருக்கிறது. பட்டுப்புடவையோடு உன்னைத் தூக்கிக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தோம். கல்யாணம் போய்விட்டது, சாப்பாடு கிடைத்தது. எஞ்சின் பிழைத்தது. அன்றைக்குச் சொன்னேன் அப்பாவிடம், இனிமேல் இந்த வண்டியின் வயிற்றில் என் கையைத் தவிர வேறு கை படக்கூடாது என்று. அவர் சிரித்தார். வண்டியோடு வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் தடவை சூடு ஆறாமல் போல்ட்டைக் கழற்றி மணிக்கட்டில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும், கொதிக்கும்போது அல்ல என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் அவசரத்தில் தாண்டியிருந்தேன்.

பிறகு நம் வாய்க்கால். மலையில் இருப்பவர்களிடம் நீ இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எந்தப் பட்டறையின் பள்ளமும் அதற்கு ஈடில்லை. நெரவியில் நம் வீட்டை ஒட்டிப் போகும் அந்தச் சின்ன வாய்க்காலில் கோடையில் தண்ணீர் இருக்காது. இரண்டு கரையிலும் கட்டியிருக்கும் சிமெண்ட் சுவரின் மேல் வண்டியின் சக்கரங்களைப் பார்த்து ஏற்றி நிறுத்திவிட்டு, நாம் வாய்க்காலுக்குள் இறங்கினால் வண்டியின் அடிவயிறு தலைக்கு மேலே இருக்கும். ஜாக்கி வேண்டாம், கல் முட்டுக் கொடுக்க வேண்டாம். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு ஆயில், சம்பா அறுத்து வாய்க்கால் காய்ந்த பிறகு ஒரு ஆயில். மற்றவர்கள் கிலோமீட்டர் பார்த்து மாற்றுவார்கள், நாம் காவிரியைப் பார்த்து மாற்றினோம். பக்கத்து வயல்காரருக்கு மட்டும் அது பிடிக்காது. கரையில் வந்து நின்றுகொண்டு, "டீச்சரம்மா மாதிரி பேசுறீங்க, ஆனா ஒரு சொட்டு கீழ விழுந்தாலும் அது என் நாத்தங்காலுக்குத்தான் வரும்" என்பார். அவர் சொன்னது நியாயம். அதனால்தான் கீழே ரப்பர் ஷீட், அதன்மேல் சாக்கு, அதன்மேல் தட்டு என்று அத்தனை ஆர்ப்பாட்டம்.

தண்ணீர் முன்னாலேயே வந்த அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நீ காலேஜில் சேர்ந்திருந்தாய். ஃபில்டர் கழற்றியாகிவிட்டது, தட்டு நிறையப் பழைய ஆயில், மேற்கே யாரோ தண்ணி வருது தண்ணி வருது என்று கூவுகிறார்கள். சருகையும் பிளாஸ்டிக் கவர்களையும் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நம்மை நோக்கி ஊர்ந்து வந்தது. நான் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தேன். நீதான் தட்டை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் கரையேறினாய். நான் கீழே போல்ட்டை முடுக்கினேன், வாஷரைப் போட மறந்துவிட்டு. அந்த வருஷம் மட்டும்தான் நம் வாசலில் ஆயில் கறை இருந்தது. நீ சிந்தவில்லை, நான்தான் ஒழுகவிட்டேன். ஒருவருக்குக் கை நிதானம், ஒருவருக்கு வாய் நிதானம் என்று கடவுள் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கலாம், எனக்கு இரண்டையும் தரவில்லை.

இப்போது பாலத்துக் கதை. அப்பாவின் கண்ணைக் காட்டிவிட்டு உன் மாமாவின் காரில் டவுனிலிருந்து வந்துகொண்டிருந்தோம். கீழவாஞ்சூருக்குப் போகும் நிலக்கரி லாரி ஒன்று அரசலாற்றுப் பாலத்தின் நடுவில் படுத்துவிட்டது. நாங்கள் பாலம் ஏறுகிற ஏற்றத்தில் மாட்டிக்கொண்டோம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. மாமா எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்க ஆரம்பித்தான். என்னால் எத்தனை நேரம் உட்கார முடியும்? இறங்கிப் போய் அவன் பானெட்டைத் திறந்தேன். கம்பியை உருவித் துடைத்து விட்டு எடுத்தால், கீழ்க்கோட்டுக்கும் கீழே. நுனியில்தான் ஈரம்.

"ஏண்டா, இப்படியாடா வண்டி வச்சிருப்ப? ஆயிலே இல்லயேடா" என்று சத்தம் போட்டேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"காலைல பாத்துட்டுத்தான்க்கா எடுத்தேன், ஃபுல்லா இருந்துச்சு. நீ கொஞ்ச நேரம் சும்மா ஒக்காரேன்க்கா" என்றான்.

நான் விடவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றதும் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடியும் உருவினேன். மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது ஆயில். அதே வண்டி, அதே கம்பி. மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், நான் கம்பியைத் துடைத்து இன்னொரு தடவை விட்டுப் பார்க்கிறேன். உன் வீட்டு வாசல் கண்ணில் வந்து நின்றது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேனே, அந்த வாசல். நீ வண்டியை மூக்கு மேலே தூக்கினமாதிரி நிறுத்துவாய். மூக்கு மேலே போனால் ஆயில் பின்பக்கம் ஓடிவிடும், கம்பி இருப்பது முன்பக்கம். இருப்பதை இல்லை என்று காட்டும். நீ ஊற்றினாய். நிறைந்திருந்த ஆயில் சேம்பரில் இன்னும் ஊற்றினாய். அது நுரைத்து, போகக்கூடாத வழியில் போய் எரிந்து, புகையாக வெளியே வந்தது. எரிந்ததால் குறைந்தது, குறைந்ததால் மறுபடியும் ஊற்றினாய். எண்ணெய் குடிக்கிற வண்டி இல்லை அது. வேண்டாம் வேண்டாம் என்று கக்கிய வண்டி.

அந்தப் புத்தகத்தில் முதல் வரியே அதுதான்: வண்டியைச் சமமான தரையில் நிறுத்தவும். எத்தனை தடவை படித்திருப்பேன். ஒரு தடவைகூட உனக்கு வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நெரவியில் எங்கே நிறுத்தினாலும் சமதரைதான். தண்ணீரே எந்தப் பக்கம் போவது என்று யோசித்து நிற்கிற ஊர் இது. மீன் குஞ்சுக்குத் தண்ணீரில் நில் என்று யாராவது சொல்வார்களா? நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வேறு ஊர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். யார் பேரில் தப்பு என்று நான் வழக்காட வரவில்லை. ஊற்று ஊற்று என்று சொன்னவள் நான், பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. பேங்க்கில் கூட்டம் என்பாய், கோபம் என்று எனக்குத் தெரியும். கயலுக்குச் செய்தேன். வகுப்புக்கு நடுவில் வெளியே வந்து பேசினாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன், சமதரைக்குப் பெட்ரோல் பங்க், ஆறவிடுவது, துடைப்பது, இரண்டு கோடு, கூட இருப்பதை இறக்குவது என்று. அவள் சொன்னது ஒரே வார்த்தை. "சரிங்கத்தை." எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பெண் எப்போதும் அப்படித்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து சரிங்கத்தை, போதுங்கத்தை, இரண்டு வார்த்தைதான் கேட்டிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியவே தெரியாது. பாவம், ஒன்றும் புரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் நீ கூப்பிட்டு, "கூட இருந்த ஆயிலு ஒரு தண்ணி பாட்டில் நெறைய வந்துச்சும்மா, புகை நின்னுடுச்சு" என்றாய். ஏற்றத்தில் வைத்துப் பார்க்காதே என்றேன், "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அவ்வளவுதான். நின்றது புகை மட்டும்தானா, எஞ்சினுக்குள் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று நீயும் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் வாசலுக்கும் உள்ளுக்குமாக இந்த நடை.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. கூட இருந்ததை இறக்கியது போதாது, அந்த நுரைத்த ஆயில் முழுவதையும் மாற்றிவிடு. வாய்க்கால் இல்லையே என்று யோசிக்காதே. பங்க்குக்கு எதிரே வாட்டர் சர்வீஸ் செய்கிற மேடை இருக்கும், கேட்டால் இடம் தருவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போய்ப் படுக்காதே, அதற்கு நான் உயிரோடு இருக்கும்வரை உனக்கு அனுமதி இல்லை. போல்ட்டை முதலில் விரலால் சுற்று, தானாக ஏறும், ஏறவில்லை என்றால் கோணலாக வைத்திருக்கிறாய், கழற்றி மறுபடியும் வை. ஸ்பானர் கடைசியில்தான். வாஷர். மறுபடியும் சொல்கிறேன், வாஷர். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவிவிட்டுக் கையாலேயே முடுக்கு. ஊற்றும்போது கோட்டுக்கு நடுவில் வந்ததும் நிறுத்திவிடு. மேல்கோடு வரை போக வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை. நான் நிறைய ஊற்றினால் நல்லது என்று நினைக்கிற ஜாதி. நீ போதும்மா என்று தட்டின் மேல் கையை வைத்து மறைப்பாய், நான் அந்தக் கைமேலேயே ரசம் ஊற்றுவேன். வண்டிக்கு அது ஆகவில்லை. உனக்கும் அது ஆகவில்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அப்புறம் அந்தப் பேச்சு. கயலின் அப்பா தன் வண்டியை அனுப்புகிறேன் என்கிறாராம், மலை இறங்குவதற்கு. என் மனசில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவள் என் வண்டியில்தான் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டு நாள் அந்த ஆசையோடு சண்டை போட்டேன். இப்போது சொல்கிறேன், உனக்கு அரைக்கால் சந்தேகம் இருந்தாலும் அவர் வண்டியிலேயே கூட்டிப்போ. கொண்டை ஊசி வளைவில் சிவப்பு விளக்கு எரிந்தால் என் ரோஷத்தை வைத்து என்ன செய்வது? என் வண்டி தெருவில் துருப்பிடித்துக் கிடந்தாலும் பரவாயில்லை, அவளும் பிள்ளையும் பத்திரமாகக் கீழே போய்ச் சேர வேண்டும். ஆனால் அவர் வண்டியானாலும் புறப்படுமுன் பானெட்டைத் திறந்து பார். சம்பந்தி முகம் சுளித்தால் அம்மாவின் பைத்தியம் என்று என்மேல் பழியைப் போட்டுவிடு.

இதுவரை எழுதிவிட்டு அப்பாவுக்கு மருந்து விடப் போனேன். அதற்குள் போனில் ஒரு படம் வந்திருக்கிறது. கயல் அனுப்பியது. வெளிச்சத்துக்கு நேராகக் கம்பியைப் பிடித்து எடுத்த படம். இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில், தேன் நிறத்தில் ஆயில் நிற்கிறது. கறுப்பு இல்லை, தேன் நிறம். அப்படியென்றால் மாற்றியாகிவிட்டது. இவ்வளவு பக்கம் நான் எழுதுவதற்கு முன்பே மாற்றியாகிவிட்டது, நீ எனக்குச் சொல்லவில்லை. கீழே அவள் எழுதியிருந்தாள்:

"அத்தை, ஸ்கூல் போற வழியில தெனம் பங்க்ல நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பாக்குறேன். மாத்துன நாள்லேருந்து இதே அளவுதான், கொறையவே இல்ல. அவர் வண்டிக்குள்ளயே உக்காந்திருக்காரு. உங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு தெரியலயாம். அப்பாகிட்ட வண்டி வேணாம்னு சொல்லிட்டேன். நம்ம வண்டியிலயே எறங்குறோம்."

நம்ம வண்டி என்று எழுதியிருக்கிறாள்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருப்பது உன் கை இல்லை. முழங்கைக்குப் பாதிவரை கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையுமாக. வளைகாப்பில் நான் அடுக்கியது. போதுங்கத்தை, போதுங்கத்தை என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அடுக்கியது. அதில் மணிக்கட்டுப் பக்கம் நாலைந்து வளையலில் ஆயில் அப்பியிருக்கிறது.

கோயம்புத்தூர் வழியாகப் போகும் எர்ணாகுளம் ரயிலில் டிக்கெட் போடச் சொல்லி மாமாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குச் சொட்டு மருந்து நின்றதும் புறப்படுகிறேன். நீ கூப்பிட வேண்டாம், நானே வருவேன். எப்படிப் பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் வந்து ஸ்டேஷனில் நில். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவளிடம் கொடுத்துவிடு, இது இனிமேல் அவளுக்குத்தான் வேண்டும். பிள்ளை பெற்று எழும்வரை கம்பியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல், அடியில் குனிகிற வேலை உன்னுடையது. கையில் அப்பியிருக்கிற ஆயில் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும். அதற்காக வளையலைக் கழற்ற வேண்டாம் என்று சொல்.

அம்மா